செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வரலாறு படிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை மேசை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, குடும்பத்தோடு வந்திருக்கும் பெங்களூரு அல்சூர் வட்டார உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த பணிகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான பணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு மாதந்தோறும் கூடியது. பொங்கல் விழாவும் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலைக்கு மாலை அணிவிப்பதும் தவறாமல் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு நிற்கவில்லை. நூலக அறையின் ஒழுகல் மழைக்காலத்துக்கு முன்பே அடைக்கப்பட்டது. மூத்த உறுப்பினர்கள் இருவரை இந்த ஆண்டு இழந்தோம். அறிக்கை முடிந்ததும் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

மீதி நேரம் முழுவதையும் ஒரே விஷயத்துக்குக் கேட்டு வாங்கியிருக்கிறேன். சென்ற ஆண்டு இதே கூட்டத்தில் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்து கேட்டது பலருக்கு நினைவிருக்கும். "என் பொண்ணு பி.ஏ. ஹிஸ்டரி படிக்கிறா. இன்டர்ன்ஷிப் போய்ட்டு வரணும்னு காலேஜ்ல சொல்றாங்க. பி.காம் பசங்களுக்கு ஆடிட்டர் ஆபீஸ் இருக்கு. இவ எங்க போவா?" அன்று மேடையில் இருந்த எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு விசாரித்ததில் தெரிந்தது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் வழிகாட்டுதலில் இன்டர்ன்ஷிப்பும் பட்டப்படிப்பின் ஒரு பகுதி. ஒரு கிரெடிட்டுக்கு, அதாவது படிப்பை அளக்கும் ஓர் அலகுக்கு, 30 மணி நேர வேலை. 2024 மே மாதம் நம் மாநில அரசு நான்காண்டுப் பட்டப்படிப்பைக் கைவிட்டு மூன்றாண்டுக்கே திரும்பியதில், எந்த ஆண்டு மாணவருக்கு எந்த விதி என்று கல்லூரிகளிலேயே குழப்பம். விதி எப்படிப் போனாலும், வரலாறு படிக்கிற பிள்ளைகள் கையில் ஒரு வேலை இல்லாமல் நிற்கிறார்கள் என்பது மட்டும் மாறவில்லை. வேலை கிடைத்த சிலரின் கதை இன்னும் வருத்தமானது. நம் உறுப்பினர் ஒருவரின் மகனை இன்டர்ன் என்று சேர்த்துக்கொண்ட ஓர் இடத்தில், ஆறு வாரமும் ஜெராக்ஸ் எடுக்கவும் விழாவுக்கு நாற்காலி போடவும் வைத்துவிட்டு, கடைசி நாளில் அழகான சான்றிதழ் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பழைய காகிதத்தைக்கூட அவன் தொடவில்லை. அந்தச் சான்றிதழை அவன் என்னிடம் காட்டியபோது, நாம் ஏதாவது செய்தால் இப்படிச் செய்யக்கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

நம்மிடமே வேலை இருந்தது. நூலக அறையின் இரும்பு பீரோவில், 1950களில் இந்தப் பகுதியில் நடந்த மரண சகாய நிதியின், அதாவது சாவுச் செலவுக்காகச் சந்தா கட்டிச் சேர்த்த நிதியின், கணக்கு நோட்டுகள் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாம் என்று இரண்டு முறை செயற்குழுவில் பேச்சு வந்தது. இரண்டு முறையும் ஏதோ காரணத்தால் தள்ளிப்போனது. அந்த நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, அட்டவணைப்படுத்தி, யார் கேட்டாலும் தேடி எடுக்கும்படி செய்வது என்று திட்டம் வகுத்தோம். ஒன்பது மாணவர்கள் சேர்ந்தார்கள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம், 30 நாள், மொத்தம் 120 மணி நேரம். ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவரும் ஆவணக் காப்பகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அம்மையார் ஒருவரும் ஊதியம் வாங்காமல் மேற்பார்வை செய்தார்கள். தங்கள் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று இருவருமே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நாள் அந்த அம்மையார் எல்லோருடைய பேனாக்களையும் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். ஆவணம் இருக்கிற மேசையில் பென்சில் மட்டுந்தான். துருப்பிடித்த குண்டூசிகளை இழுக்காமல் எப்படிக் கழற்றுவது, மென்மையான தூரிகையால் தூசியை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக எப்படித் தள்ளுவது, பக்கத்தின் அருகில் அளவுகோல் வைத்துத்தான் படமெடுக்க வேண்டும் என்பது, எல்லாவற்றுக்கும் மேலாக, கிடைத்த வரிசையைக் கலைக்கக்கூடாது என்பது. மூன்று நாள் இதிலேயே போயிற்று. நான்காம் நாள்தான் நோட்டு திறந்தது. திறந்ததும் பெரிய சிக்கல் வந்தது.

ஒன்பது பேரில் ஏழு பேருக்கு வீட்டில் தமிழ்தான் பேச்சு. ஆனால் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்கள் ஆங்கில வழியிலும் கன்னடத்திலும் படித்த பிள்ளைகள். இதில் அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த நகரத்தில் நம் வீடுகளில் நாம் எடுத்த முடிவுகளின் விளைவு இது. படிக்கத் தெரிந்த மூவருக்கும் அந்த நோட்டு எளிதாக இல்லை. 1978இன் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கையெழுத்து: ணை, லை, னை எல்லாம் கொம்பு வளைந்த பழைய உருவத்தில். எண்கள் சில பக்கங்களில் தமிழ் எண்கள். ௳ என்றால் நாள், ௴ என்றால் மாதம், ௵ என்றால் ஆண்டு, ௸ என்றால் மேற்படி. ௸ குறியைப் பார்த்து ஒரு மாணவி, "அங்கிள், இது யாரோட கையெழுத்து? எல்லா வரியிலயும் போட்டிருக்காங்களே!" என்று கேட்டாள். "மேற்படி" என்றதும், அதற்கும் பொருள் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். முதல் வாரம் கணினியில் ஏற்றிய பதிவுகளில் சந்தாத் தொகை வர வேண்டிய கட்டத்தில் தேதி தேதியாக வந்துகொண்டிருந்தது. 3-8-6 என்று நோட்டில் இருந்தால் பிள்ளைகள் அதை நாள், மாதம், ஆண்டு என்று ஏற்றிவிட்டார்கள். அது மூன்று ரூபாய், எட்டணா, ஆறு பை. பதினாறு அணா ஒரு ரூபாய், பன்னிரண்டு பை ஓர் அணா என்பதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று இருந்துவிட்டோம். நானூறுக்கு மேற்பட்ட பதிவுகளைத் திருத்த நேர்ந்தது. 1957 ஏப்ரலுக்குப் பிந்தைய பக்கங்களில் கணக்கர் அணாவை விட்டு நயா பைசாவுக்கு மாறுகிறார். மாறிய பிறகும் சில மாதங்கள் ஓரத்தில் பென்சிலால் அணாக் கணக்கும் போட்டு வைத்திருக்கிறார். புதுக் காசை அவர் முழுதாக நம்பவில்லை என்று அந்தப் பென்சில் எழுத்திலிருந்து கண்டுபிடித்தது ஆசிரியர் அல்ல, இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. வரலாறு படிப்பது என்றால் என்ன என்று அன்றைக்கு அந்த மேசையில் பார்த்தேன்.

தமிழ் படிக்கத் தெரியாதவர்களை என்ன செய்வது? ஞாயிறு வகுப்பு ஆசிரியை தானாக முன்வந்து தினமும் காலையில் அரை மணி நேரம் எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். பாடப்புத்தகம் இல்லை, அன்றைய நோட்டின் பெயர்ப்பட்டியல்தான் பாடம். முனியம்மா, சின்னசாமி, லட்சுமியம்மாள் என்று பெயர்களைத் திரும்பத் திரும்பப் படித்தே நான்கு வாரத்தில் நால்வர் எழுத்துக் கூட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆண்டுக்கணக்கில் ஞாயிறு வகுப்பில் நாம் பிள்ளைகளைக் கெஞ்சிக் கூத்தாடி உட்கார வைத்திருக்கிறோம். வேலைக்குத் தேவைப்படும் எழுத்தைக் கற்க இவர்களை யாரும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை.

ஒன்பது பேரில் இரண்டு பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் அல்லர். கன்னடம் பேசும் மாணவர்கள். அவர்களைச் சேர்க்கலாமா என்று செயற்குழுவில் ஒரு குரல் எழுந்தது. சேர்த்தது நல்லதாயிற்று. நோட்டுகளின் நடுவே மடித்து வைத்திருந்த நகராட்சி ரசீதுகளும் மனுக்களும் கன்னடத்தில் இருந்தன. அவர்கள் இல்லாவிட்டால் அந்தக் கட்டு பிரிக்கப்படாமலே திரும்பவும் பீரோவுக்குள் போயிருக்கும்.

மூன்றாம் வாரம் இரண்டு நாள் வெளியே போனோம். தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் இருப்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? போசள மன்னன் வீரராமநாதன் காலத்துக் கல்வெட்டுகள் அங்கே உண்டு. ஊரின் பெயர் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டினம் என்றும் வருகிறது. மடிவாளா சோமேசுவரர் கோயில் சுவரில் 1247ஆம் ஆண்டுக் கல்வெட்டு, வெங்களூர் (இன்றைய பெங்களூரு) பெரிய ஏரியின் கீழுள்ள நிலத்தைத் தானமாகக் கொடுத்ததைச் சொல்கிறது. கொடுத்தவர் வெப்பூர்க்காரர், அதாவது இன்றைய பேகூர். அதே கோயிலில் தாமரைக்கிரை என்ற பெயரும் வருகிறது. பக்கத்தில் பஸ் நிற்கிற தாவரகெரேதான் அது. பெங்களூருவின் பெயரை இன்னும் முன்னால் தேட வேண்டுமானால் பேகூரில் 9ஆம் நூற்றாண்டுக் கன்னட நடுகல் இருக்கிறது என்பதையும் அன்றே பிள்ளைகளுக்குச் சொன்னோம். எந்த மொழி முந்தியது என்று வாதாட இவர்களை அழைத்துப் போகவில்லை. இரண்டு மொழியும் ஒரே மண்ணில் ஏரியையும் நிலத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்க்கத்தான் அழைத்துப் போனோம்.

கல்வெட்டில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரம் வேறுபடாது. கிரந்த எழுத்து நடுவே கலந்து வரும். ஆனாலும் தொடக்கத்தில் வரும் "ஸ்வஸ்திஸ்ரீ"யை ஒருவர் கண்டுபிடித்ததும் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மைப்படி எடுக்க, அதாவது கல்லின்மேல் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் பிரதி எடுக்க, நமக்கு அனுமதியும் இல்லை, பயிற்சியும் இல்லை. ஆகையால் தொடவே இல்லை. மாலைச் சாய்வெயிலில், வெளிச்சம் பக்கவாட்டில் விழும் நேரம் பார்த்துப் படம் மட்டும் எடுத்தோம். வீட்டுக்கு வந்து, பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட, எபிகிராபியா கர்நாடிகா என்ற கல்வெட்டுத் தொகுப்பின் ஒன்பதாம் தொகுதியோடு ஒப்பிட்டார்கள். மிதிக் சொசைட்டி என்ற வரலாற்று ஆய்வு அமைப்பு நம் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேன் எடுத்துச் சேமித்து வருவதையும் அப்போதுதான் அறிந்தார்கள்.

ஒரு மாணவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் மாரிக்குப்பம் ரயிலில் வந்துபோனவர். கணக்கு நோட்டில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வைத்த பக்கங்கள் நிறைய. மற்றவர்கள் அதைப் புகையிலைக் கறை போலக் கடந்து போனபோது, இவர் ஒவ்வொரு ரேகையையும் எண்ணித் தனிக் கட்டத்தில் குறித்தார். ஏன் என்று கேட்டேன். 1930இல் தங்கவயல் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தது ரேகை எடுக்கும் கட்டாயத்தை எதிர்த்துத்தான் என்றார். அவருடைய வீட்டில் அந்தக் கதை தாத்தா வழியாக வந்திருக்கிறது. அங்கே நிர்வாகம் கேட்ட ரேகையைத் தரமாட்டோம் என்றவர்களின் உறவுக்காரர்களே, இங்கே தங்கள் சாவுச் செலவுக்கான நிதியில் மனமுவந்து ரேகை வைத்திருக்கலாம் அல்லவா என்று கேட்டார். 'இருக்கலாம்' என்பதை நிரூபிக்க என்ன வேண்டும் என்று ஆசிரியர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் அவர் இப்போது தன் இறுதியாண்டுக் கட்டுரையை எழுதுகிறார். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது வேலையிழந்தவர்களைப் பேட்டி காண உதவி கேட்டிருக்கிறார். அங்கே உறவினர் உள்ள உறுப்பினர்கள் என்னிடம் பேசுங்கள்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறேன். ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் வீதம் 40,500 ரூபாய் கொடுத்தோம். 25,000 ரூபாய் நூலக நிதியிலிருந்து. மீதி உறுப்பினர்களின் நன்கொடை. மாநில அரசின் சக்தி திட்டத்தில் பெண் பிள்ளைகளுக்கு பஸ் இலவசம் என்பதால் அவர்களுக்குக் குறைத்துக் கொடுக்கலாமே என்று ஒரு யோசனை வந்தது. நான் ஒப்புக்கொள்ளவில்லை. 150 ரூபாய் பஸ்ஸுக்கு மட்டும் அல்ல. அது ஒரு வேளைச் சாப்பாடு, போன் ரீசார்ஜ், விடுமுறையில் கடைக்கு வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் காசில் ஒரு சிறு பங்கு. சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டுமே கட்டுபடியாகும். நம் பகுதியில் வரலாற்றுப் பாடத்தை எடுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் அல்லர். 150 போதாது என்பதே என் கருத்து.

ஒரு கல்லூரி நம் சான்றிதழை ஏற்க முதலில் மறுத்தது. சங்கப் பதிவுச் சான்று, வேலைத்திட்டம், அன்றாட வருகைப் பதிவு, ஒவ்வொரு மாணவரும் எழுதிய நாட்குறிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்த பிறகு ஏற்றுக்கொண்டார்கள். இனி வேலை தொடங்குமுன்பே கல்லூரியோடு ஒப்பந்தம் எழுதிக்கொள்வோம்.

நம் மேசையோடு இது முடிந்துவிடக் கூடாது. விதான சௌதாவிலுள்ள மாநில ஆவணக் காப்பகம், கஸ்தூர்பா சாலை அரசு அருங்காட்சியகம், யுனைடெட் தியாலஜிகல் கல்லூரியின் காப்பகம் ஆகியவற்றுக்கு மாணவர்களை ஒரு சுற்று அழைத்துப் போனோம். உயிரியல் ஆய்வு நிலையமான என்.சி.பி.எஸ். 2019இல் தொடங்கிய காப்பகம் அறிவியலாளர்களின் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் காக்கிறது; அங்கே வரலாற்று மாணவர்களுக்கு இடம் உண்டு என்பது பிள்ளைகளுக்குப் பெரிய புதுமையாக இருந்தது. இருவர் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

வரும் ஆண்டுக்கு இரண்டு கோரிக்கைகள். ஒன்று, உதவித்தொகையை நாளொன்றுக்கு 250 ரூபாயாக உயர்த்தி, பன்னிரண்டு மாணவர்களுக்கு அதே 30 நாள் வேலை தர 90,000 ரூபாய் ஒதுக்கும் தீர்மானத்தை இன்று முன்மொழிகிறேன். இரண்டு, மரண சகாய நோட்டுகள் அடுத்த தவணையில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மேசைக்கு வேலை உங்கள் வீடுகளிலிருந்துதான் வர வேண்டும். பரணில் கிடக்கும் மில் வேலை அடையாள அட்டை, ரேஷன் கார்டு, மணியார்டர் ரசீது, கல்யாணப் பத்திரிகை, ஊரிலிருந்து வந்த கடிதம் எதுவானாலும் கொண்டுவாருங்கள். படமெடுத்துக்கொண்டு அசலை அன்றே உங்கள் கையில் திருப்பித் தருவோம். நீங்கள் வேண்டாம் என்று சொல்வதை வெளியே காட்டமாட்டோம், அதை எழுத்திலும் தருவோம். கொண்டுவருவதற்கு முன் துடைக்க வேண்டாம், அடுக்க வேண்டாம், கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே வேண்டாம். டிரங்குப் பெட்டியில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே வரட்டும். அந்த வரிசையைப் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள்.

வணக்கம்.

செயலாளர்