பாட்டி இறங்கிய தீவு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பில் பினாங்கை ஒட்டியுள்ள ஜெரேஜாக் தீவைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். சிறை, தொழுநோயாளிகள், பேய்க் கதை, அவ்வளவுதான். நம் ஆட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதுவும் தமிழ்ப் பத்திரிகையில்!

சிறை இருந்தது 1969 முதல் 1993 வரைதான். நோய்த்தடுப்பு முகாமோ 1870-களிலேயே வந்துவிட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர்களை அம்மைக்கும் வாந்திபேதிக்கும் பயந்து முதலில் அங்கேதான் இறக்கினார்கள். என் பாட்டி 1937-இல், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிவரும் கங்காணியோடு வந்தவர். அந்த முகாமை ‘கொரண்டைன்’ என்றுதான் சொல்வார். உடுத்திய சேலையைக்கூட வாங்கி மருந்துத் தண்ணீரில் முக்கிவிட்டார்களாம். "ராத்திரியானா எதிர்க்கரையில விளக்கு தெரியும்டா, போகத்தான் விடமாட்டாங்க" என்பார். பட்டர்வொர்த்திலிருந்து பழைய பாலத்தில் தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் இடப்பக்கம் திரும்பினால் அந்தத் தீவு தெரியும். எத்தனை பேர் திரும்புகிறோம்?

இன்னொன்று. 1914 செப்டம்பரில் சென்னையைக் குண்டுவீசி ஓட வைத்த ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அக்டோபர் 28-ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யாவின் ஜெம்ச்சுக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ("அவன் பெரிய எம்டன்" என்று நாம் சொல்வதும் இந்தக் கப்பலால்தான்.) அதில் இறந்த ரஷ்ய மாலுமிகள் சிலருக்கு ஜெரேஜாக்கில் கல்லறை இருக்கிறது. முகாமிலேயே கண்மூடிய நம்மவர்களுக்கு என்ன இருக்கிறது? நான் போய்த் தேடியபோது தமிழில் ஓர் எழுத்தும் கண்ணில் படவில்லை.

பேயையும் பார்க்கவில்லை. இடிந்த சுவர்களில் ஆலம்வேர் இறங்கியிருந்தது. சருகுக்குள் சரசரவென்று ஓடியது ஆள் நீளத்துக்கு ஓர் உடும்பு. கரையோரச் சதுப்பு மரங்களுக்கு மேலே வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. 362 ஹெக்டேர் தீவில் காடு இப்படியே இருப்பதும் நல்லதுதான். உல்லாச விடுதிக் கனவுகளைவிட அது மேல்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. சிறு பிள்ளையாக அந்த முகாமில் இருந்தவர்கள் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார்கள். அவர்கள் வீட்டார் எழுதி அனுப்பினால் வாரம் ஒருவர் கதையையாவது போடுங்கள். பாட்டி சொன்னதை நான் எழுதித் தருகிறேன், முதலில் அதையே போட்டாலும் சரி.

வாசகர்,
ஜெலுத்தோங், பினாங்கு