கல்லூரி வேலையை விட்டுத் தேர்தலுக்கு: உதவிப் பேராசிரியர் ஒருவருக்குக் கடிதம்

அன்புள்ள சார்,

வணக்கம். அரசுக் கலைக் கல்லூரித் தமிழ்த்துறையிலிருந்து சட்டமன்றத்துக்குப் போக வேண்டும், பேராசிரியர் க. அன்பழகன் போன வழியே போதும் என்கிறீர்கள். நல்ல வழிதான். ஆனால் அவருக்குத் திறந்திருந்த இரண்டு கதவுகள் உங்களுக்கு மூடியிருக்கின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அவர் 1944 முதல் 1957 வரை தமிழ் கற்பித்தது பச்சையப்பன் கல்லூரியில். அது அறக்கட்டளைக் கல்லூரி. அவர் அரசு ஊழியர் இல்லை. 1957இல் எழும்பூரில் ஜெயித்தபோது திமுகவுக்கு அங்கீகாரம் கிடையாது, சுயேச்சையாகவே நின்றார். 1962 முதல் 1967 வரை சட்ட மேலவையில் இருந்தார். மேலவையில் ஆசிரியர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் இடம் உண்டு. கட்டுரையும் கற்பித்தலுமாக வாழ்ந்தவர்கள் உள்ளே வர அது ஒரு வாசல். தமிழ்நாட்டில் மேலவை 1986இல் ஒழிந்தது. பக்கத்துக் கர்நாடகத்தில் அந்த வாசல் இன்னும் இருக்கிறது, நமக்கு இல்லை.

ஆக உங்களுக்கு மிச்சம் சட்டப்பேரவை ஒன்றுதான். அதற்குத் தடை, அரசியலமைப்பின் 191ஆவது பிரிவு: அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பவர் தகுதியிழக்கிறார். மனுப் பரிசீலனை நாளன்று நீங்கள் அந்தப் பதவியில் இருக்கக் கூடாது. ராஜினாமா கொடுத்தால் போதாது, ஏற்கப்பட்ட ஆணை கையில் வேண்டும். தேர்தல் அறிவிக்கை வந்த ஏழாம் நாள் மனுத்தாக்கலின் கடைசி நாள், மறுநாளே பரிசீலனை. கல்லூரி முதல்வர், மண்டல இணை இயக்குநர், கல்லூரிக் கல்வி இயக்ககம் என்று கோப்பு நகர அந்த எட்டு நாள் எந்த மூலைக்கு? மத்தியப் பிரதேசத்தில் 2023இல் ஒரு துணை ஆட்சியரின் ராஜினாமா இழுத்தடிக்கப்பட்டு, ஏற்கப்படுவதற்குள் கட்சி வேறொருவரை நிறுத்திவிட்டது.

கோப்பு ஏன் நிற்கும்? பெரும்பாலும் நாமே காரணம் கொடுத்துவிடுவோம். நடத்தை விதிகள் அரசு ஊழியரைக் கட்சி வேலையிலிருந்து விலக்குகின்றன. ஆணை வருவதற்குள் மேடை ஏறிப் படம் பகிர்ந்தால் 17பி சார்ஜ் மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை, வரலாம். அது நிலுவையில் இருக்கிறவரை ராஜினாமா ஏற்கப்படுவது கடினம். அதனால் வரிசை இதுதான்: முதலில் கடன், முன்பணம், நூலகப் புத்தகம், விடைத்தாள் கணக்கு வரை தீர்த்து, நிலுவையில்லாச் சான்று. பிறகு விண்ணப்பம். ஆணை வந்த பின்னரே தோளில் கட்சித் துண்டு.

இருபது ஆண்டுத் தகுதியுள்ள பணிக்காலமோ ஐம்பது வயதோ ஆகியிருந்தால் ராஜினாமா வேண்டாம். மூன்று மாத அறிவிப்புடன் விருப்ப ஓய்வு கேளுங்கள். பழைய ஓய்வூதியத்தில் இருப்பவர் ராஜினாமா செய்தால் கடந்த பணிக்காலமே கணக்கிலிருந்து போய்விடும். இதை அவசரத்தில் மறந்தவர்கள் தோற்ற பிறகுதான் விதியைப் படிக்கிறார்கள்.

தோற்பது மட்டுமல்ல, ஜெயித்த இடமும் பாதியில் போகும். அன்பழகனே 1983இல் ஈழத்தமிழர் பிரச்சினைக்காகக் கலைஞருடன் பதவி விலகினார். 1986 டிசம்பரில் அரசியலமைப்பின் மொழிப் பகுதியை எரித்த போராட்டத்துக்காகப் பதவி இழந்த பத்து உறுப்பினர்களில் ஒருவர். 2011இல் வில்லிவாக்கத்தில் தோற்றார். ஆசிரியர் என்பதால் கல்வித்துறை தானாக வரும் என்றும் எண்ண வேண்டாம்: 1971இல் அவருக்குக் கிடைத்தது சுகாதாரம், கல்வி அமைச்சரானது 1989இல், முதல் வெற்றிக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து. 2006இல் நிதி. தமிழாசிரியர் ஒருவர் பட்ஜெட் வாசித்ததில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

இனி மனு. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்றால் ஒரு முன்மொழிபவர், சுயேச்சை என்றால் பத்துப் பேர்; எல்லாரும் அந்தத் தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். வைப்புத்தொகை 10,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 5,000. செல்லும் வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால்தான் திரும்பும். உங்கள் ஓட்டு வேறு தொகுதியில் என்றால் வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். 26ஆம் படிவப் பிரமாணப் பத்திரத்தில் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது; ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுத வேண்டும். படித்தவர்கள் தவறுவது, அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்று வேட்பாளர் எடுக்கும் உறுதிமொழியில். மனு கொடுத்த பிறகு, பரிசீலனை நாளுக்கு முன்பே அதை எடுத்தாக வேண்டும். பரிசீலனை அன்று போய் எடுக்க முடியாது.

செலவுக்குத் தனி வங்கிக் கணக்கு, மனுவுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது. உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்த முப்பது நாளுக்குள் கணக்கு ஒப்படைக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாமல் தகுதிநீக்கம் வரும். தோற்றவருக்கும் இது உண்டு.

உங்களுக்கே உரிய ஆபத்து, ஸ்டாஃப் ரூம். பழைய சகாக்கள் பாசத்தில் வாக்குச்சாவடி முகவராக உட்கார முன்வருவார்கள். அரசு ஊழியர் தேர்தல் முகவராகவோ வாக்குச்சாவடி, எண்ணிக்கை முகவராகவோ இருப்பது குற்றம். கெசட்டட் (அரசிதழ் பதிவு பெற்ற) அதிகாரிகளின் உதவியைப் பெறுவது தேர்தல் சட்டப்படி ஊழல் நடவடிக்கை; தோற்றவர் 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உங்கள் வெற்றியையே கவிழ்க்கலாம். துறை வாட்ஸ்அப் குழுவிலிருந்து ஆணை வந்த அன்றே வெளியேறுங்கள். மாலையில் கௌரவ விரிவுரையாளராக அரசுக் கல்லூரியில் வகுப்பெடுக்கலாமே என்ற யோசனையும் வேண்டாம். அரசு தரும் மதிப்பூதியமும் வழக்குக்கு இடம் கொடுக்கும்.

பேரவையில் வகுப்பறைப் பழக்கம் பாதி உதவும், பாதி கெடுக்கும். ஐம்பது நிமிடம் பேசிப் பழகிய நாக்குக்கு அங்கே சில நிமிடங்களில் மணி அடிக்கும். உயர்கல்வி மானியக் கோரிக்கைக்கு, அதாவது அத்துறையின் நிதி ஒதுக்கீடு விவாதத்துக்கு, முதல் நாள் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பைப் படியுங்கள். ‘கல்லூரிகளை மேம்படுத்த அரசு முன்வருமா’ என்ற கேள்விக்குப் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் வரும். ‘இந்தக் கல்லூரியில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, நிரப்பியவை எத்தனை, காலி எந்தத் தேதி முதல்’ என்று கேட்டால் எண்ணைச் சொல்லியாக வேண்டும்.

பணிப்பதிவேட்டின் நகலை இந்த வாரமே அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். விடுப்புக் கணக்கும் பணியில் சேர்ந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ராஜினாமாவா விருப்ப ஓய்வா என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்.