குடிதண்ணீர் கேட்டு மூன்றாவது மனு

மதிப்புக்குரிய பிரதேச செயலாளர் ஐயா அவர்களுக்கு,

சித்திரையில் ஒரு மனு, ஆனியில் ஒரு மனு கொடுத்தோம். பதில் இல்லை. எங்கள் இடம் தங்களுக்குத் தெரியாததல்ல. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றைத் தாண்டி உள்ளே திரும்பும் கிரவல் வீதி. யானை வேலி பார்க்க வந்த அன்று எங்கள் வேம்படியில்தான் ஜீப்பை விட்டீர்கள். மலைகளுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கிற ஊர். பாட்டன்மார் காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்து, தேன் எடுத்து, மாடு வளர்த்துச் சீவித்தவர்கள். 1990இல் சண்டைக்கு ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வந்தபோது வீடுகள் இல்லை, கிணறு மட்டும் கிடந்தது. அதை நம்பித்தான் மறுபடி கூரை போட்டோம்.

1. கச்சான் என்கிற வரண்ட காற்று தொடங்கினால் அந்தக் கிணறு வற்றிவிடும். அடியில் பாறை.

2. தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி கிழமைக்கு இரண்டு தரம் என்றார்கள். வருவது ஒரு தரம், அதுவும் என்றைக்கென்று தெரியாது. ஹோர்ன் கேட்டால் உலையை இறக்கிவைத்துவிட்டுச் சந்திக்கு ஓட வேண்டும், வழியிலுள்ள மேட்டில் பவுசர் ஏறாதாம். என் அம்மாவுக்கு 71 வயது. 20 லீற்றர் கானைச் சைக்கிள் கரியரில் பழைய ரியூப்பால் கட்டி உருட்டி வருவார். போன மாதம் ஏற்றத்தில் ரியூப் கழன்று கான் விழுந்து மூடி தெறித்துவிட்டது. அம்மா அப்படியே குந்தியிருந்து, தண்ணீரை மண் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இனி அடுத்த கிழமைதான்" என்றார், அவ்வளவுதான்.

3. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறும் இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடமென்று பஸ் பஸ்ஸாக வருகிறார்கள், வெந்நீரை அள்ளி அள்ளி ஊற்றுகிறார்கள், அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை, ஆனால் செத்தவர்களுக்கு ஏழு கிணறு, உயிரோடு இருக்கிற எங்களுக்கு ஒரு குழாய் இல்லையா ஐயா?

4. கேட்டால் எஸ்டிமேட் போயிருக்கிறது என்கிறார்கள். எங்கே போனது? அம்மாவின் தண்ணீர் போன இடத்துக்கா? மன்னிக்கவும், கை கோபத்தில் எழுதிவிட்டது.

பெரிய திட்டம் கேட்கவில்லை. பிரதான வீதியில் நிற்கும் குழாயை ஊருக்குள் நீட்டித் தாருங்கள். அதுவரைக்கும் பவுசரை, சரி, ஒரு தரமே வரட்டும், நாளைச் சொல்லி அனுப்புங்கள். மாரி பிறந்தால் கிணறு நிரம்பும், அப்புறம் இந்த மனுவை யாரும் தேடமாட்டார்கள். அதனால்தான் இப்போதே கேட்கிறோம். தயவுசெய்து குழாயைத் தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஊர் மக்கள் சார்பில், பவுசருக்குக் காத்திருக்கும் ஒருவன்