வெள்ளை நரம்பு இலை: பெறாமகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெறாமகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வந்தபோது நான் கொழும்பு வெள்ளவத்தைச் சந்தையில் வல்லாரைக் கட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விலை கேட்டுக்கொண்டிருந்தேன். இலையின் ஓரமெல்லாம் முள், நரம்பு நெடுகப் பால் சிந்தினது போல வெள்ளை, கீழே "சின்னம்மா, இதை வறை வைக்கலாமா?" என்று ஒரு வரி. உடனே "தொடாதே" என்று மட்டும் எழுதிவிட்டேன். நீ பயந்துபோய் ஃபோன் எடுத்தாய், காலி வீதி வாகன இரைச்சலில் ஒன்றும் சரியாய்க் கதைக்க முடியவில்லை. அதனால்தான் ஆறுதலாய் இருந்து இதை எழுதுகிறேன். நீ இருக்கிற பிரித்தானியாவில் வேலியோரம் முள்ளுச்செடியைப் பார்த்து ஊர்க்கீரை நினைவு வருகிற மற்றப் பிள்ளைகளுக்கும் உதவட்டும் என்று எல்லாரும் வாசிக்கிற மாதிரியே போடுகிறேன்.

எனக்கு ஏன் அந்தப் பயம் என்று சொல்கிறேன். எட்டு வயதில், யாழ்ப்பாணத்தில், பனங்காணிக்குள் இதே மாதிரி முள்ளும் வெள்ளை நரம்பும் உள்ள செடியைக் கீரை என்று நினைத்துச் சட்டை நிறையப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மம்மா ஒரு காம்பை எடுத்து முறித்தார். மஞ்சளாய்ப் பால் வடிந்தது. ஒரு சொல் பேசாமல் எல்லாவற்றையும் அடுப்புக்குள் போட்டுவிட்டு, என் கையைச் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் கழுவினார். அது பிரமதண்டு. அதன் விதை பார்க்கக் கடுகு மாதிரியே இருக்கும். 1998இல் டெல்லியில் அந்த விதையின் எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு ஆயிரக்கணக்கானோருக்குக் கால் வீங்கி, இதயம் பாதிக்கப்பட்டு, அறுபதுக்கு மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். உன் படத்தைப் பார்த்ததும் எனக்கு அந்த மஞ்சள் பால்தான் கண்ணுக்குள் வந்தது.

ஆனால் நேற்று நீ அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். காம்பை முறித்த இடத்தில் மஞ்சள் இல்லை. பக்கத்துச் செடியில் காய்ந்து நிற்கிற பூ ஊதா நிறம், அடியில் நீள நீளமாய் முள் வைத்த குமிழ். பிரமதண்டின் பூ மஞ்சள், கடதாசி மாதிரி மெல்லிய இதழ். ஆக நீ கண்டது அங்கே மில்க் திசில் என்று சொல்கிற செடி; திசில் என்றால் இந்த மாதிரி முள்ளுச்செடிகளுக்குப் பொதுப்பெயர். அது சாப்பிடக்கூடியதுதான். ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிப் பிடுங்காதே. இலை, பால், பூ மூன்றையும் பார். இதைத்தான் அன்றைக்குச் சந்தையில் நின்று சொல்ல நினைத்தேன்.

முள்ளுக்காகப் பயப்படாதே பிள்ளை. முள்ளைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தூதுவளையில் காம்பிலும் முள், இலையிலும் முள், அதை ஆய்ந்து எடுத்து ரசம் வைத்துத்தானே உனக்குச் சளிக்குத் தந்தோம்? முள்ளுக்கீரையில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள் இருக்கும், அது முற்றுமுன் பிடுங்கிவிட வேண்டும். நீர்முள்ளியை இங்கே சிங்கள ஆட்கள் நீரமுல்லிய என்று அவித்துக் குடிப்பார்கள். 2022 செப்டம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம் வரை போனது, அந்த மாதங்களில் எங்கள் மாடிவீட்டுக்குப் பின்னாலிருந்த வெறுங்காணியில் நானும் கீழ்வீட்டு அக்காவும் முள்ளுக்கீரை பிடுங்கித்தான் கிழமைக்கு இரண்டு நாள் சமைத்தோம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை, அந்தக் கீரைக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சரி, உன் மில்க் திசில் சமையல். தண்டு எழும்புமுன் நிலத்தோடு ஒட்டிப் படர்ந்திருக்கும் இளம் இலைதான் வேண்டும். தடித்த கையுறை போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலால் ஓரத்து முள்ளைச் சுற்றிவர வெட்டு. கொதிநீரில் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடு, கைப்பு குறையும். அப்புறம் நம் வறைதான்: தாச்சியில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், கடுகு, கொஞ்சம் மஞ்சள், பொடியாய் அரிந்த இலை, கடைசியில் தேங்காய்ப்பூ. இறக்கிவிட்டுத் தேசிக்காய் பிழி. பூ வருமுன் தண்டை வெட்டி, தோலையும் நாரையும் முற்றாய் உரித்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் அதைப் பால்கறி வைக்கலாம். நீங்கள் அங்கே காசு கொடுத்து வாங்குகிற ஆர்டிசோக்கும் இந்தக் குடும்பத்துச் செடிதான், அதில் சாப்பிடுவது பூமொட்டை.

உரம் போட்ட வயலோரத்தில், மாடு கட்டுகிற இடத்தில் பிடுங்காதே, அங்கே இந்த இலையில் நைட்ரேட் சேரும், மாடுகளே அதனால் செத்திருக்கின்றன. அதோடு அங்கே சிலவகைத் திசில்களைச் சட்டமே களை என்று பட்டியல் போட்டிருப்பதால் மருந்து அடிப்பார்கள், இலை வாடிச் சுருண்டிருந்தால் விட்டுவிடு. செவ்வந்திப்பூ ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், உன் மாப்பிள்ளைக்கு முதலில் ஒரு வாய் மட்டும் கொடு.

இதன் கிழங்கைத் தோண்டுகிற யோசனை இருந்தால் விட்டுவிடு. காணிக்காரரின் அனுமதி இல்லாமல் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது அங்கே 1981 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். வேரில் இருக்கிற இன்யூலின் என்கிற நார்ச்சத்து வயிற்றையும் ஊதப் பண்ணும். 1870இல் அமெரிக்காவில் யெலோஸ்டோன் காட்டில் வழிதவறிய ட்ரூமன் எவர்ட்ஸ் என்பவர் 37 நாள் திசில் கிழங்கை வெந்நீர் ஊற்றில் அவித்துத் தின்று உயிர் தப்பினார். பிறகு அந்தச் செடிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வேறு வழியில்லாத மனிதர் தின்றது அது. உனக்கு அந்த நிலை இல்லை.

அடுத்த மாதம் ஸ்பெயின் பக்கம் போவதாய் அம்மா சொன்னாள். அங்கே சந்தையில் கீரையாய் விற்கிற ஒரு வகைத் திசிலை வாங்கித் தாராளமாய்ச் சாப்பிடு, தாகர்னினாஸ் என்று கேள். ஆனால் நீயாய்ப் பிடுங்காதே. மத்தியதரைக் கடல் பக்கம் தண்டே இல்லாமல் நிலத்தோடு பூக்கிற ஒரு திசில் உண்டு, அதன் வேர் ஈரலை அழித்து ஆளைக் கொன்றுவிடும். நல்ல திசில் என்று நினைத்து அதைத் தின்றுதான் சனம் செத்திருக்கிறது.

வறை வைத்த அன்றைக்குப் படம் அனுப்பு. இலையை வெட்டுமுன் காம்பை முறித்து அதையும் ஒரு படம் எடு, எத்தனை மணி என்றாலும் பரவாயில்லை, நான் பார்த்துச் சொன்ன பிறகு தாச்சியை அடுப்பில் வை.

அன்புடன்,
சின்னம்மா
வெள்ளவத்தை