43க்கு 5: தவணை முடிவில் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். தவணைப் பரீட்சை முடிந்து, தேர்ச்சி அறிக்கைகள் இந்த வாரம் உங்கள் வீடுகளுக்கு வருகின்றன. வழக்கமாக இந்தக் கடிதத்தில் அவற்றைப் பற்றித்தான் எழுதுவேன். இந்த முறை அதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. போன பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து கேட்டார்: "43க்கு 5 என்று தோற்றுவிட்டு வந்த பிள்ளைகளுக்கு எதற்கு சேர் பாற்சோறு? தோல்வியைக் கொண்டாடப் பழக்கினால் நாளைக்கு எல்லாவற்றிலும் தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டு வருவார்கள்."

அன்றைக்கு நான் ஏதோ சமாளித்தேன். நேரம் போய்விட்டது, மைக்கும் வேலை செய்யவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. வீட்டுக்குப் போயும் அது என்னை விடவில்லை.

முதலில், வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நமது 14 வயதுக்குட்பட்ட றக்பி அணி இந்தத் தவணை ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்றது. அதைவிட மோசம், கடைசி ஆட்டம் வரை ஒரு ட்ரைகூட (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் வைத்து எடுக்கும் 5 புள்ளி) வைக்கவில்லை. கடைசி ஆட்டம் ஒரு பெரிய பாடசாலையுடன், அவர்களுடைய மைதானத்தில், காலையிலிருந்தே விடாத மழையில். ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது 43க்கு 0. எதிரணியின் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்க்ரம், அதாவது இரண்டு அணியும் குனிந்து தோளோடு தோள் முட்டிப் பந்துக்காகத் தள்ளுவது. பந்து பின்னால் நிற்பவனின் கால்களுக்கிடையில் மாட்டிப் பக்கவாட்டில் வழுக்கி வெளியே வந்தது. நமது 9ஆம் இலக்கக்காரன், அணியிலேயே ஆகச் சின்னவன், அதைக் கையில் எடுத்தானா நெஞ்சால் தள்ளினானா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியாது. சேற்றில் ஒரு வாளித் தண்ணீர் போலச் சரிந்து போய்க் கோட்டுக்கு அப்பால் பந்தின்மேல் படுத்துக்கொண்டான். றக்பியில் கோட்டைத் தாண்டினால் மட்டும் போதாது, பந்தை நிலத்தில் அழுத்த வேண்டும். நடுவர் குனிந்து பார்த்தார். விசில் அடித்துக் கையைத் தூக்கினார். பையன் எழும்பவே இல்லை. எழும்பினால் நடுவர் மனதை மாற்றிக்கொள்வாரோ என்று பயந்தானாம்.

ட்ரைக்குப் பிறகு மேலதிகப் புள்ளிக்காக அடிக்கும் கொன்வேர்ஷன் உதை வேலிக்குப் போனது. அது வேறு கதை.

எல்லைக் கோட்டருகே ஓர் அம்மா குடையை மடக்கி நிலத்தில் அடித்துக்கொண்டு கத்தினார், மழை தலையில் கொட்டுவதும் தெரியாமல். அவருக்குப் பக்கத்தில் பையனின் அப்பாயி. றக்பி பார்ப்பது அன்றுதான் முதல் தடவை.

"ஜெயிச்சிட்டமா தம்பி?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்லைங்க அம்மா. சமமாகவே இன்னும் 38 புள்ளி வேணும்."

"நேரம் இருக்கா?"

"நாலு நிமிஷம்."

"அப்பச் சரி," என்றார் அப்பாயி. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு மைதானத்தைப் பார்த்து நின்றார்.

38 வரவில்லை. திரும்பி வந்ததும் இரண்டு அம்மாமார் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை அடுப்பிலேயே பாற்சோறு பொங்கினார்கள். நான் ஏற்பாடு செய்ததல்ல. செய்திருந்தாலும் வெட்கப்பட்டிருக்க மாட்டேன். தோற்றதற்கென்று யாரும் பொங்கவில்லை. முழுத் தவணையும் ஒன்றுமே கிடைக்காமல், ஆனாலும் செவ்வாயும் வியாழனும் தவறாமல் பயிற்சிக்கு வந்த பதினெட்டுப் பையன்களுக்கு ஒன்று கிடைத்தது, அதற்குத்தான் பொங்கினார்கள். அந்தத் தந்தையாருக்கு என் முதல் பதில் இது.

இரண்டாவது பதில் பிள்ளைகளைப் பற்றியதல்ல, உங்களைப் பற்றியது.

இந்த விளையாட்டுக்குள் ஒரு பழைய சண்டை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தின் வடக்கே ஆலைத் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் றக்பி ஆடினார்கள். சனிக்கிழமை அவர்களுக்கு வேலை நாள். ஆடப் போனால் அந்த நேரத்துக் கூலி போய்விடும். போன கூலியையாவது ஈடுசெய்ய விடுங்கள் என்று வடக்குக் கழகங்கள் கேட்டன. விளையாட்டை விளையாட்டுக்காக மட்டுமே ஆட வேண்டும், அதில் காசு கலக்கக் கூடாது என்று மேலிடத்துக் கனவான்கள் மறுத்துவிட்டார்கள். கையில் காசு இருப்பவர் அப்படிச் சொல்வது லேசு. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்ட் நகரத்தில் ஒரு ஹோட்டலில் கூடி வடக்குக் கழகங்கள் பிரிந்து போயின. இன்றைக்கு 13 பேர் ஆடும் றக்பி லீக் அங்கிருந்து வந்ததுதான். நாம் ஆடும் 15 பேர் ஆட்டத்தில் காசு வாங்கக் கூடாது என்ற தடை நூறு வருடம் கழித்து, 1995 ஆகஸ்டில்தான் எடுபட்டது.

ஆடுகிறவனுக்கு யாரும் ஒரு சதம் கொடுக்காத ஆட்டத்துக்கும் செலவு உண்டு. அதை யாரோ வீட்டிலிருந்து கொடுக்கிறார்கள். இந்தத் தவணை யார் யார் கொடுத்தார்கள் என்பதை நான் எல்லைக் கோட்டருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நமது பெற்றோரில் ஒருவர் த்ரீவீலர் ஓட்டுகிறார். சனிக்கிழமை காலை கண்டிச் சந்தைப் பக்கம் நல்ல ஹயர் கிடைக்கிற நேரம். அந்த நேரத்தில் அவர் ஐந்து பையன்களையும் அவர்களுடைய பைகளையும் ஏற்றிக்கொண்டு மைதானத்துக்கு வருகிறார். (எத்தனை பேர் என்பதைப் பொலிசாரிடம் யாரும் சொல்ல வேண்டாம். அடுத்த பருவத்துக்கு வேன் பார்க்கிறோம்.) "நட்டம் இல்லையா?" என்று கேட்டேன். "நட்டம்தான் சேர். ஆனா கிழமையில அந்த ஒரு மணித்தியாலந்தான் மகன் என்னோட பேசுறான். கையில பை இருக்கிறதால போன் எடுக்க ஏலாது," என்றார்.

இன்னோர் அம்மா ஆடைத் தொழிற்சாலையில் தைக்கிறார். வெளிநாட்டுக்குப் போகும் விளையாட்டு உடைகள். நமது பையன்களின் ஜேர்சி தோளில் கிழிந்தபோது ஆறு ஜேர்சிகளை வீட்டுக்குக் கொண்டுபோய் இரட்டைத் தையல் போட்டுக்கொண்டு வந்தார். நன்றி சொன்னேன். "ஒரு நாளைக்கு எத்தனை தைக்கிறேன்னு கணக்கே இல்லை சேர். நான் தைச்சதை ஒரு ஆள் போட்டுக்கிட்டு ஓடுறதை இன்னைக்குத்தான் பார்த்தேன்," என்றார். அவர் தைத்த தோள் அதற்குப் பிறகு கிழியவில்லை. வேறு இடத்தில் கிழிந்தது.

துணி துவைக்கும் விஷயம் தனி. மழைக்காலத்தில் சேறு படிந்த ஜேர்சியைத் துவைத்துவிடலாம், காயவைக்க முடியாது. ஒரு வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் தொங்குகிறது. இன்னொரு வீட்டில் ஈரத்தோடு இஸ்திரி போடுகிறார்கள். பல வீடுகளில் விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டிக் காயப்போடுகிறார்கள். ஆகவே நமது அணி வரிசையில் நின்றால் புகை வாசம் வரும். எதிரணிப் பையன் ஒருவன் ஸ்க்ரமிலிருந்து எழும்பி, "உங்கட ஆக்கள் எல்லாம் சாப்பாட்டு வாசம்," என்றானாம். நமது பையன்களுக்கு அதில் ஒரே பெருமை. அணிக்குப் பெயர் வைக்கச் சொன்னால் என்ன வைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு ஒரு சோடி பூட்ஸ். தம்பியின் ஆட்டம் முதலில், அண்ணனின் 16 வயதுக்குட்பட்ட ஆட்டம் அடுத்தது. இடைவேளையில் கோட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முன்பக்கத்தில் அடைத்திருந்த பத்திரிகைத் தாளை உருவிவிட்டு அண்ணன் போட்டுக்கொள்கிறான். ஒரு நாள் தம்பி தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தான். விளையாட்டுப் பக்கம்.

இதெல்லாம் ஒரு வீட்டில் சாதாரணமாக நடப்பது. அங்கே யாரும் இதற்கு மகிழ்ச்சி என்று பெயர் வைப்பதில்லை. சோறு பரிமாறுவது போல, மீன்காரரை வழிமறிப்பது போல ஒரு வேலை. ஆனால் சனிக்கிழமை பின்னேரம் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச் சம்பலும் வைத்துக்கொண்டு அவர்கள் நிற்கிற முகங்களை நான் பார்க்கிறேன். பெற்றோர் தினத்தில் என் அறைக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது அதே ஆட்களுக்கு அந்த முகம் இருப்பதில்லை. அதில் என் பிழையும் இருக்கலாம்.

ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணியும் எதிரெதிராக வரிசை கட்டிக் கைதட்டி ஒன்றையொன்று வழியனுப்பும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிறகு சேர்ந்து தேநீர். இது கண்டியில் ஆழ வேரோடிய விளையாட்டு. இலங்கையில் பாடசாலைகளுக்கிடையிலான முதல் றக்பி ஆட்டமே 1906இல் நமது ஊரின் கிங்ஸ்வூட் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் நடந்ததுதான். அது சமநிலையில் முடிந்தது. 1945இல் கொழும்பு றோயல் கல்லூரி அதிபர் பிரட்பி கொடுத்த கேடயத்துக்காக றோயலும் திரித்துவமும் இன்றும் மோதுகின்றன. கண்டியில் ஒன்று, கொழும்பில் ஒன்று, இரண்டு ஆட்டங்களின் புள்ளியையும் கூட்டித்தான் முடிவு. முதல் ஆட்டத்தில் தோற்றவன் கணக்குப் போட்டுக்கொண்டே இரண்டு கிழமை தூங்குவான். ஓர் அதிபர் விட்டுப்போகக்கூடிய நல்ல பொருள்களில் அதுவும் ஒன்று. என்னிடம் கேடயம் வாங்கக் காசு இல்லை, அதனால் கொடி பிடிக்கிறேன்.

கொடி என்றதும் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆட்டத்தில் எல்லைக் கோட்டு உதவிக்கு ஆள் வரவில்லை. 50 வயதுக்குப் பிறகு றக்பி விதிகளைத் தாளில் படித்த நான் கொடியை வாங்கிக்கொண்டேன். பந்து வெளியே போனது. நான் கொடியை உயர்த்தி எதிரணிப் பக்கம் கையை நீட்டினேன். எதிரணித் தலைவன் என்னிடம் ஓடி வந்து சிங்களத்தில் சொன்னான்: "சேர், கடைசியாகத் தொட்டது நாங்கள். பந்து அவர்களுடையது." அப்போது அவர்கள் 20 புள்ளி முன்னால், விட்டுக்கொடுக்க முடிந்த நிலைதான். ஆனாலும் 13 வயதில் அதை யாரும் கேட்காமலே வந்து சொல்ல வேண்டுமே. அந்தப் பையனின் பெற்றோர் யார் என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. ரொட்டியில் இரண்டு கூடுதலாக அவனுக்கு வைத்தேன்.

நமது பக்கத்திலிருந்து ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தந்தையார் முதல் ஆட்டத்தில் நடுவரைப் பார்த்துக் கத்தினார். றக்பியில் நடுவருடன் அணித் தலைவன் மட்டும் பேசலாம், அதுவும் "சேர்" என்று. அவரை நான் கண்டிக்கவில்லை. அடுத்த ஆட்டத்திலிருந்து தண்ணீர்ப் போத்தல் கூடையைத் தூக்கும் பொறுப்பைக் கொடுத்தேன். இப்போது அவர் பதினெட்டுப் பேரின் பெயரும் சொல்லிக் கூப்பிடுகிறார், மூச்சு வாங்குவதால் கத்துவதில்லை.

படிப்பைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். கவலைப்பட வேண்டியதுதான். றக்பி ஆடினால் புள்ளி கூடும் என்று நான் சொல்லப் போவதில்லை. அணியில் இரண்டு பேருக்குக் கணிதத்தில் குறைந்திருக்கிறது, நான்கு பேருக்குக் கூடியிருக்கிறது, மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள். குறைந்த இருவருக்கும் செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு முன் முக்கால் மணித்தியாலம் கணிதப் பாடம் வைத்திருக்கிறோம். சாதாரண தரப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் கடைசித் தவணையில் ஆட மாட்டார்கள். இதில் மாற்றம் இல்லை.

அடிபடுவதைப் பற்றியும் கேட்டீர்கள். புதிதாகச் சேருபவர்கள் முதல் வருடம் இடுப்பில் ரிப்பன் கட்டி ஆடும் டெக் றக்பிதான் ஆடுவார்கள். ரிப்பனைப் பிடுங்கினால் போதும், விழுத்தத் தேவையில்லை. அப்புறம்தான் ஆளைப் பிடித்து விழுத்தும் டெக்கிள். அதுவும் தோளுக்குக் கீழே பிடிப்பதைப் பழகிய பிறகு. பல்காப்பு இல்லாமல் யாரும் மைதானத்தில் இறங்க முடியாது. தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே பிள்ளை வெளியே வந்துவிட வேண்டும். அவன் "ஒன்றும் இல்லை சேர்" என்று எத்தனை தரம் சொன்னாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பிறகு வைத்தியர் பார்த்து, மூன்று கிழமை ஓய்வு எடுத்து, பெற்றோர் எழுதித் தந்தால்தான் திரும்ப வரலாம். இந்தத் தவணை ஒரு பிள்ளையை அப்படி நிறுத்தினோம். அவனுக்கு இன்னும் என்மேல் கோபம். இருக்கட்டும்.

கடைசியாகச் சில வேண்டுகோள்கள். வீட்டில் சிறிதாய்ப் போன பூட்ஸ் இருந்தால் அலுவலகத்தில் கொடுங்கள். 5ஆம் 6ஆம் அளவுகள் அவசரமாகத் தேவை. வேனுக்கு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரும் என்பதைப் பொறுப்பாசிரியர் கணக்குப் பார்த்து அறிவிப்பார், முடியாதவர்கள் என்னிடம் தனியாகச் சொன்னால் போதும். பிள்ளை ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் என்ன கேட்க வேண்டும் என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். "பசிக்குதா?" என்று கேளுங்கள். மற்றதை அவனே சொல்லுவான், சாப்பாட்டு வாயோடு.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தந்தையாரை அடுத்த ஆட்டத்துக்கு அழைக்கிறேன். லீவு முடிந்து வரும் முதல் சனிக்கிழமை, காலை 9 மணிக்கு, நமது சொந்த மைதானத்தில். எதிரே வருவது அதே பெரிய பாடசாலைதான். அப்பாயியும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். போன தடவை கடைசிவரை நின்றுகொண்டே பார்த்தார், அதனால் ஸ்டாஃப் அறையிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கோட்டருகே போடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
அதிபர்