நடுவில் விடுபட்ட வருஷங்கள்

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களைக் கைபேசியில் விரலால் விரித்து விரித்துப் பார்த்தேன். பிரான்சில் உன் நாந்த் நகரத்து லுவார் ஆற்றங்கரை நடைபாதையில் பதித்திருக்கும் கண்ணாடிப் பலகைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அடிமைக் கப்பலின் பெயரும் அது கிளம்பிய ஆண்டும். அன்றைக்குப் போனில் கேட்டாயே, "1754 இருக்கு, 1755 இருக்கு, அப்புறம் 1763க்குத் தாவிடுதும்மா, நடுவுல இருக்கறது கண்ணுல படவே மாட்டேங்குது, அந்த வருஷங்கள்ல மனசு மாறிட்டாங்களா" என்று. அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டேன். உண்மையில் பால் பொங்கவில்லை. முப்பது வருஷம் வரலாறு நடத்தியவளால் அந்தக் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மனசு மாறவில்லை. சண்டை வந்தது, ஏழாண்டுப் போர்.

அந்த நினைவிடத்தில் மட்டும் 1,710 பயணங்களின் பலகைகள் இருக்கின்றன. எல்லாமே நாந்த் துறையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு ஆள் பிடிக்கப் போன கப்பல்கள். பிரான்ஸ் நாட்டின் அடிமைக் கப்பல்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் அந்த ஒரே ஊர்க்காரர்களுடையவை. அவை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனிதர்களைக் கடல் கடத்தின. பெரிய கப்பல்கள் ஆற்றில் ஏறி ஊர் வரை வர முடியாது, கழிமுகத்தில் பெம்பஃப் என்ற இடத்திலேயே நங்கூரம் போட்டுவிடும். சரக்கு படகுகளில் போய் ஏறும். துணி, சாராயம், துப்பாக்கி, இரும்பு, சோழி. ஆமாம், நாம் பல்லாங்குழி ஆடும் அதே சோழிதான், மாலத்தீவுக் கடலிலிருந்து ஐரோப்பா போய், அங்கிருந்து ஆப்பிரிக்கக் கரையில் காசாகப் புழங்கியது. ஆப்பிரிக்காவில் சரக்கைக் கொடுத்து ஆட்களை வாங்கி, அட்லாண்டிக் தாண்டிச் சான் தொமேங் தீவில், இன்றைய ஹெய்ட்டியில், விற்றுவிட்டு, சர்க்கரையும் காப்பியும் அவுரியும் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பும். ஒரு சுற்றுக்கு ஒன்றரை வருஷம் வரை ஆகும்.

இந்த ஒன்றரை வருஷத்தை மறந்துவிடாதே. சமாதானக் காலத்தில் கிளம்பிய கப்பல் திரும்பும்போது சண்டைக்காலமாகிவிடலாம். கடலுக்கு நடுவில் இருப்பவனுக்குச் சேதி போகாது.

1755இல் அதுதான் நடந்தது. இங்கிலாந்தும் பிரான்சும் இன்னும் முறையாகப் போர் அறிவிக்கவே இல்லை, அது அடுத்த வருஷம்தான். அதற்குள்ளேயே இங்கிலாந்துக் கடற்படை பிரெஞ்சு வணிகக் கப்பல்களை 300 வரை பிடித்து, சுமார் 6,000 மாலுமிகளைச் சிறையில் போட்டுவிட்டது. கப்பல் போனால் இன்னொன்று கட்டலாம், பாய் கட்டத் தெரிந்த ஆளுக்கு எங்கே போவது? மிச்சம் இருந்த மாலுமிகளை அரசரின் கடற்படை இழுத்துக்கொண்டது. காப்பீட்டுத் தொகை ஏறிய ஏற்றத்தில் கப்பலை அனுப்புவதைவிடக் கட்டிப்போடுவதே லாபம் என்றாகிவிட்டது. 1758இல் செனகலில் சென் லூயியும் கோரே தீவும் கைவிட்டுப் போயின. 1759இல் குவாதலூப், 1762இல் மார்ட்டினிக். இதற்கு நடுவே 1759 நவம்பர் 20ஆம் தேதி, லுவார் கழிமுகத்துக்குச் சற்று வடக்கே கிபெரோன் விரிகுடாவில், புயலோடு புயலாக நடந்த சண்டையில் பிரெஞ்சுக் கடற்படையே நொறுங்கியது. ஆள் வாங்கும் கரை போயிற்று, விற்கும் தீவு போயிற்று, வழித்துணைக்கு இருந்த போர்க்கப்பலும் போயிற்று. நீ தேடிய பலகைகள் இப்படித்தான் ஏறக்குறைய இல்லாமல் போயின.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். அந்தக் கப்பல்கள் கொண்டுபோன சரக்கில் பெரும்பங்கு துணி. அதிலும் ஆப்பிரிக்க வியாபாரிகள் கேட்டு வாங்கியது இந்தியப் பருத்தித் துணி. நீலச்சாயத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரே கினே, அதாவது மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிற துணி. பிரான்சின் ருவான் நகரத்தில் அதே மாதிரி நெய்து பார்த்தார்கள். வாங்குகிறவர்கள் லேசுப்பட்டவர்களா என்ன, தொட்டுப் பார்த்து, மோந்து பார்த்து, இது அது இல்லை என்று தள்ளிவிடுவார்களாம். சோழமண்டலக் கரையில் நெய்து, அவுரியில் முக்கி, பாண்டியில் கப்பலேற்றிய துணி, பிரெஞ்சுக் கம்பெனி வழியாக லோரியான் துறைக்குப் போய் ஏலத்துக்கு வரும். நாந்த் வியாபாரிகள் அங்கே வந்து எடுத்துப் போவார்கள். நம் தெருவில் இன்றைக்கும் தறிச் சத்தம் கேட்கிற வீடுகள் ஒன்றிரண்டு இருக்கின்றன. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வந்து தொலைக்கிறது. நெய்தவருக்குத் துணி எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊரில் இருந்த தரகர்களைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1743ஆம் வருஷத்தில் வருகிறது பார், நம் பக்கத்து ஜனங்களையே ஏமாற்றிப் பிடித்துக்கொண்டு போய் அடிமையாகக் கப்பலேற்றிய விவகாரம். அது வேறு கடல், வேறு தீவு. தொழில் ஒன்றுதான்.

நாந்த் துறையைக் கட்டிப்போட்ட அதே போர் பாண்டிக்கும் வந்தது. 1760இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டார்கள். உள்ளே சோறு குறைந்ததும் பிரெஞ்சுத் தளபதி லாலி என்ன செய்தார் தெரியுமா? ஊரில் இருந்த தமிழ் ஜனங்களில் ஒரு பகுதியைக் கோட்டைக்கு வெளியே துரத்தினார். வெளியே இருந்த ஆங்கிலேயர் வழி விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், கிழங்கையும் வேரையும் தின்றுகொண்டு அவர்கள் நாள்கணக்கில் கிடந்தார்கள். 1761 ஜனவரியில் ஊர் சரணடைந்தது. அதே மாதத்தில்தான் ஆனந்தரங்கப் பிள்ளையும் இறந்தார். அப்புறம் ஆங்கிலேயர் கோட்டையையும் வீடுகளையும் இடித்துத் தரைமட்டம் ஆக்கினார்கள். நீ உன் தோழிகளுக்குப் பெருமையாகக் காட்டும் வெள்ளைக்காரத் தெருக்களெல்லாம் அதற்குப் பிறகு எழுந்தவை.

சரி, கப்பல்கள் கிளம்பவில்லையே, அதனால் ஆப்பிரிக்கர் யாராவது பிழைத்தார்களா? உன் கேள்விக்குள் இருந்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். பிழைத்தார்கள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் குவாதலூப்பைப் பிடித்த ஆங்கிலேயர் முதல் வேலையாக அங்கே தங்கள் அடிமைக் கப்பல்களை அனுப்பினார்கள். நான்கே வருஷத்தில் பல்லாயிரம் பேரை இறக்கினார்கள். கடலில் ஒரு பிரெஞ்சு அடிமைக் கப்பல் பிடிபட்டால் அடித்தளத்தில் சங்கிலியில் இருப்பவர்களை யாரும் அவிழ்த்துவிடவில்லை. அவர்களும் சர்க்கரை மூட்டை மாதிரி பிடிபட்ட சரக்குதான், ஆங்கிலத் தீவில் கொண்டுபோய் விற்றார்கள். பிரெஞ்சுத் தீவுகளில் ஏற்கெனவே இருந்தவர்களின் பாடு இன்னும் மோசம். மாவும் உப்புக்கண்டமும் ஐரோப்பாவிலிருந்து வர வேண்டியவை. கப்பல் வராவிட்டால் முதலில் குறைவது அவர்கள் சோறுதான். வியாபாரம் கைமாறியது, நிற்கவில்லை.

நாந்த் முதலாளிகளும் சும்மா இருக்கவில்லை. அதற்கு முந்தைய சண்டையிலேயே அவர்களுக்குப் பழக்கம் ஆகிவிட்டது, அடிமைக் கப்பலில் பீரங்கி ஏற்றினால் கொள்ளைக் கப்பல், அரசரின் அனுமதிச் சீட்டும் உண்டு. ஆந்த்வான் வால்ஷ் என்று ஒருவர், ஐரிஷ் வம்சம், ஊரின் பெரிய அடிமை வியாபாரிகளில் ஒருவர். 1745இல் தன் சொந்தக் கப்பலில் இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கேட்ட ஸ்டூவர்ட் இளவரசரை ஏற்றிக்கொண்டு போய் ஸ்காட்லாந்தில் இறக்கினார். ஸ்காட்லாந்தில் அதை இன்றைக்கும் வீரக் கதையாகச் சொல்வார்கள். அந்தப் பயணத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது கதையில் வராது.

1763 பிப்ரவரியில் பாரிசில் உடன்படிக்கை. கனடாவை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, சர்க்கரைத் தீவுகள் வேண்டும் என்று குவாதலூப்பையும் மார்ட்டினிக்கையும் பிரான்ஸ் திரும்ப வாங்கிக்கொண்டது. கோரேயும் திரும்பி வந்தது. பாண்டியும் வந்தது, இடிபாடாக. அந்த வருஷமே நாந்த்தில் கப்பல்களுக்குச் சரக்கு ஏற ஆரம்பித்துவிட்டது. ஊரில் சமாதானத்துக்கு மணி அடித்திருப்பார்கள், பூசை வைத்திருப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தில் இந்தப் போரைப் பாடமாக நடத்திய காலத்தில் "1763, போர் முடிந்தது, அமைதி திரும்பியது" என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். யாருக்குத் திரும்பியது என்று பிள்ளைகள் யாரும் கேட்டதில்லை. எனக்கும் தோன்றியதில்லை.

இங்கிலாந்தோடு அடுத்த சண்டை 1778இல். அதற்கு முன்பே, 1776 டிசம்பரில், பெஞ்சமின் பிராங்க்ளின் பிரான்சில் இறங்கியதும் முதலில் வந்த பெரிய ஊர் உன் நாந்த்தான். அமெரிக்காவின் விடுதலைக்கு அங்கிருந்து துப்பாக்கியும் வெடிமருந்தும் போயின. விடுதலைக்கும் விற்றார்கள், அதற்கு நேர் எதிரானதற்கும் விற்றார்கள், ஒரே கிடங்கிலிருந்து. சண்டை தொடங்கியதும் அடிமைக் கப்பல்கள் மறுபடி நின்றன, பாண்டி மறுபடி விழுந்தது. 1783இல் முடிந்ததும் முன்னைவிட வேகமாகக் கிளம்பின. கப்பலின் கொள்ளளவைப் பார்த்து அரசே மானியம் கொடுத்தது. ஃபெய்தோ தீவில் முகம் செதுக்கிய மாளிகைகளைப் பார்த்தாய் அல்லவா, நாம் போனபோது தீவு என்கிறார்களே தண்ணீரைக் காணோமே என்று அப்பா கேட்டாரே, அந்தச் சுவர்களுக்கான காசெல்லாம் இந்த வழியில் வந்ததுதான். ஆற்றின் கிளைகளைப் போன நூற்றாண்டில் தூர்த்துவிட்டார்கள். நீ டிராம் பிடிக்கிற இடத்தில் ஒரு காலத்தில் படகு போயிற்று.

அரசர்களின் சண்டைகளால் ஆகாதது 1791 ஆகஸ்டில் சான் தொமேங்கில் தொடங்கியது. இந்தத் தடவை எழுந்தவர்கள் அடிமைகளே. கரும்புத் தோட்டங்கள் எரிந்தன. 1793இல் இங்கிலாந்தோடும் போர், பாண்டி மூன்றாவது முறை விழுந்தது, நாந்த்தின் வாசலிலேயே புரட்சி அரசை எதிர்த்த வாந்தே வட்டாரத்துக் கலகக்காரர்கள், ஊருக்குள் அந்தப் புரட்சி அரசு அனுப்பிய கரியே என்பவர் கைதிகளைப் படகில் ஏற்றி லுவாரில் மூழ்கடித்த கொடுமை. 1794 பிப்ரவரியில் பிரெஞ்சுக் குடியரசு அடிமை முறையை ஒழித்தது. தானாக மனமிரங்கி என்று நினைக்காதே, தீவில் அவர்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தது. 1801 டிசம்பரில் நெப்போலியன் அதைத் திரும்பப் பறிக்கப் படை அனுப்பினார், அந்தப் படை அங்கேயே அழிந்தது. 1804 ஜனவரி 1, ஹெய்ட்டி என்ற சுதந்திர நாடு பிறந்தது.

அதோடு நாந்த் திருந்தியதா என்றால், இல்லை. நெப்போலியன் ஒழிந்து, 1815க்குப் பிறகு கடல் மறுபடி திறந்தபோது, சட்டம் தடுத்தும் திருட்டுத்தனமாக ஆள் ஏற்றப் போன பிரெஞ்சுக் கப்பல்களில் முதலிடம் அந்த ஊருக்குத்தான். 1830 வாக்கில்தான் அது ஓய்ந்தது.

கை வலிக்கிறது. அப்பா மூன்று முறை எட்டிப் பார்த்து, "கடிதமா, பரீட்சைத் தாளா" என்று கேட்டுவிட்டார். வடகமும் பருப்புப்பொடியும் பக்கத்து வீட்டுத் தம்பி பாரிஸ் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன், போன தடவை மாதிரி பொடியை ஜன்னலோரம் வைத்துப் பூசணம் பிடிக்க விடாதே. குளிருக்குக் காது மூடிக்கொள்.

அப்புறம் ஒரு வேலை. அடுத்த முறை ஆற்றங்கரைக்குப் போகும்போது, 1763 என்று போட்ட பலகை ஒன்றைத் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பு. அந்தக் கப்பலின் பெயர் எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
அம்மா