ஆபரேஷன் தியேட்டர் வீடியோவுக்குத் தடை போட்ட டீன் அவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கு,

வணக்கம். அறுவைச் சிகிச்சை அரங்குக்குள் எந்த வகை வீடியோப் பதிவும் கூடாது என்ற உங்கள் சுற்றறிக்கையைப் படித்தோம். அது நோட்டீஸ் பலகைக்கு வந்த அன்றே லேப்ராஸ்கோப்பி டவரின் (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவைக்கான மானிட்டரும் பதிவுக் கருவியும் அடுக்கிய வண்டி) யூ.எஸ்.பி. துளைமேல் மைக்ரோபோர் பிளாஸ்திரி ஒட்டி, அதன்மேல் கையெழுத்தும் தேதியும் போட்டுவிட்டார்கள்.

காரணம் தெரியாமல் இல்லை. யாரோ ரீல்ஸ் போட்டார். 2024இல் கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் தியேட்டருக்குள் கல்யாண போட்டோஷூட் நடத்திய அரசு மருத்துவர் வேலையை இழந்ததும் நினைவிருக்கிறது. உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் பாக்கெட்டில் இருக்கும் செல்போனும் டவரில் இருக்கும் பதிவுக் கருவியும் ஒன்றா?

முதலாண்டு பி.ஜி. (முதுநிலை மாணவர்) தியேட்டரில் எங்கே நிற்பார் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வயிற்றைத் திறந்து செய்யும் ஓப்பன் கேஸ் என்றால் டீவர் ரிட்ராக்டர் என்ற வளைந்த உலோகப் பட்டையால் கல்லீரலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்போம். அறுவை செய்யும் சீஃப்புக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்றுதான் இழுக்கிறோம். எங்களுக்குத் தெரிவது சீஃப்பின் முழங்கையும் முதல் உதவியாளரின் தொப்பியும். கேஸ் முடியும்போது மடங்கிய விரல் நீள மறுக்கும். அப்புறம் பயிற்சியைக் குறித்துவைக்கும் லாக் புக்கில் ‘உதவினேன்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். என்ன பார்த்தாய் என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை, நல்லவேளை.

லேப்ராஸ்கோப்பிக்கு மானிட்டர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பித்தப்பை அறுவையில் குழாய்களை அடைக்கும் கிளிப் போடும் முன் காலோட் முக்கோணத்தை (பித்தப்பைக் குழாய்க்கும் கல்லீரலுக்கும் இடைப்பட்ட பகுதி) மூடியிருக்கும் கொழுப்பும் சவ்வும் நீக்கிச் சுத்தம் செய்ய வேண்டும், பித்தப்பையின் கீழ்ப்பகுதியைக் கல்லீரலிலிருந்து பிரிக்க வேண்டும், இரண்டே இரண்டு அமைப்புகள்தான் (பித்தப்பைக் குழாயும் தமனியும்) பித்தப்பைக்குள் போகின்றன என்று உறுதிசெய்ய வேண்டும். 1995இல் அறுவை நிபுணர் ஸ்ட்ராஸ்பெர்க் வகுத்த இதை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எல்லோரும் ஒப்பிப்போம். ஆனால் அழற்சியில் ஒட்டிக் கிடக்கும் பித்தப்பையில் அந்தக் காட்சி கிடைத்ததா, எந்த இடத்தில் கை நின்றிருக்க வேண்டும் என்பது ஒருமுறை ஓடி மறையும் படத்தில் பிடிபடாது. படத்தை நிறுத்தி, பின்னால் ஓட்டி, சீஃப் பக்கத்தில் உட்கார்ந்து ‘இங்கே பார்’ என்று காட்ட வேண்டும். அதற்குத்தான் பதிவு கேட்கிறோம்.

வழக்கு வந்தால் வீடியோ நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்கிறார்கள் சில மூத்தவர்கள். ஒழுங்காகச் செய்ததையும் அதே வீடியோதானே காட்டும்? அமெரிக்காவின் மிஷிகனில் உடல் பருமனைக் குறைக்கும் பேரியாட்ரிக் அறுவை நிபுணர்கள் 20 பேர் ஆளுக்கொரு வீடியோ கொடுக்க, செய்தவர் யாரென்று தெரியாமல் சக நிபுணர்கள் மதிப்பெண் போட்டார்கள். 2013இல் முடிவு வெளியானது. கைத்திறனில் கடைசிக் கால்பங்கினரிடம் சிக்கல்கள் 14.5 சதவீதம், முதல் கால்பங்கினரிடம் 5.2. கைத்திறன் நோயாளியை இவ்வளவு பாதிக்கிறது என்றால், அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள வழி வேண்டாமா?

நம் வளாகத்தில் கேமராவுக்கா பஞ்சம்? வருகைப் பதிவுக்கு ஒன்று, கேன்டீன் வாசலில் ஒன்று, டூட்டி ரூம் நடைபாதையில் ஒன்று. புது தியேட்டர் திறப்பு விழாவில் வீடியோக்காரர் செருப்போடு டேபிளைச் சுற்றிச் சுற்றி வந்தாரே, அன்று ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை. எந்த ஊர்க்காரரோ செய்யும் ஹெர்னியாவை யூடியூபில் பார்த்துப் படிக்கிறோம். பக்கத்து அறையில் நம் சீஃப் செய்வது யாருக்கும் இல்லாமல் போகிறது. சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். பொறுத்தருள்க.

கேட்பது பதிவுக்கான அனுமதி மட்டும்தான். நோயாளிக்குப் புரியும் மொழியில், தனிப் படிவத்தில், முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவோம். அவர் வேண்டாம் என்றால் பதிவு இல்லை, சிகிச்சையில் எந்த வித்தியாசமும் இருக்காது. முகம், குரல், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) எதுவும் வேண்டாம். இணையம் இல்லாத ஒரே கம்ப்யூட்டரில் வைத்து, பாஸ்வேர்டைத் துறைத் தலைவரே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்த துறைத் தலைவர்கள் கூட்டத்தில் ‘நோயாளியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலோடு கல்விக்காக எடுக்கும் பதிவு நீங்கலாக’ என்ற ஒரு வரியைச் சுற்றறிக்கையில் சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். செல்போன் தடை அப்படியே இருக்கட்டும். அதற்கு நாங்களும் கையெழுத்துப் போடுகிறோம்.

இப்படிக்கு,
பொது அறுவைச் சிகிச்சைத் துறை முதுநிலை மாணவர் ஒருவர்